எருமூட்டைக் கவசம்

என் மகள் வேலை பார்க்கும் நாட்டில் போர் முடிந்துவிட்டது. மண்ணுக்குள் கிடக்கும் கண்ணிவெடிகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அவற்றைத் தோண்டி எடுக்கிற ஆட்களைக் கவச வண்டிகளில் ஏற்றிப் போகிறார்கள். அந்த வண்டிகளை ஓட வைப்பது அவள் வேலை. நாட்டின் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். எழுதினாலும் எங்கள் மலையில் ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்கிறவர்களுக்கு ஒன்றுதான். அவர்களுக்கு அவள் ‘ஃபாரின்ல மெக்கானிக்’. என் மனைவியின் சொந்தக்காரர்களுக்கு ‘ஃபாரின்ல இன்ஜினியர்’. எனக்கு அவள் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வர வேண்டிய ஒரு போன். ஐந்து நாற்பதுக்குள் வரவில்லை என்றால் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடப்பேன்.

கவச வண்டி என்றதும் நான் டாங்கியை நினைத்துக்கொண்டேன். அவள் அனுப்பிய படத்தில் இருந்ததோ சக்கரம் வைத்த இரும்பு பீரோ. ஏதோ ஒரு ராணுவம் போரில் ஓட்டித் தேய்த்துவிட்டுத் தானமாகக் கொடுத்தது. தயாரித்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டதால் அசல் உதிரிபாகம் கிடைக்காது. ஆகவே கடைத்தெருவில் எது கிடைக்கிறதோ அதைப் போட்டு ஓட்டுகிறார்கள். கிளட்ச் பால் வேனிலிருந்து வந்தது, ரேடியேட்டர் டிராக்டரிலிருந்து வந்தது. வைப்பர் மோட்டார் எதிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. “வைப்பர் போட்டா ஹாரன் அடிக்குதுப்பா” என்றாள் ஒருநாள், பெருமையாக.

இதில் அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. அவள் வளர்ந்ததே அப்படிப்பட்ட ஒரு ஜீப்பில்தான். நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. ஆள் கணக்கு, பழ எடை, மிளகு மூட்டை, மழை அளவு, இவற்றை எழுதுகிறவன். பி.காம். படித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாக மழையை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் எஸ்டேட் ஜீப்புக்கு ஆட்டோவின் ஹாரன், பழைய பஸ்ஸின் சீட், யாரோ கழற்றிப்போட்ட லாரியின் கண்ணாடி. அதை ஓட்டுகிற டிரைவர் மட்டும்தான் அசல் பாகம். எனக்கு மூன்று வயது மூத்தவர். என்னை ‘ரைட்டரே’ என்று கூப்பிடுவார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை, மறக்கவும் விட்டதில்லை.

அந்த ஜீப்புக்கு ஒரு குணம் உண்டு. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரும்போது கியர்பாக்ஸ் ஊளையிடும். அடுத்த எஸ்டேட் வரைக்கும் கேட்கும். என் மகள் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஊளையை அப்படியே போட்டுக் காட்டுவாள். என் மனைவி தோசைக் கரண்டியைக் காட்டினால்தான் நிறுத்துவாள்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் அவளுடைய போன் சரியாக ஐந்தரைக்கு வந்தது. அதுவே எனக்குச் சந்தேகம். அவள் சரியான நேரத்துக்குக் கூப்பிட்டால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

“அப்பா, நம்ம ஜீப்போட பிரேக் டிரம் அளவு என்னன்னு அவரக் கேளுங்க.”

டிரைவர் பக்கத்தில்தான் நின்றார். கேட்காமலே சொன்னார். மறுமுனையில் அவள் “அதேதான்!” என்று கத்தினாள். அவளுடைய பீரோவுக்கு அடியில் இருந்தது எங்கள் ஜீப்புக்குச் சித்தப்பா முறை. டிரம்மும் ஒன்றேதான், பிரேக் ஷூவும் ஒன்றேதான். ஷூ மேல் பதிக்கிற, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்துகிற லைனிங்தான் அங்கே கிடைக்கவில்லை. மினி லாரிக்குப் போடுகிற ஒரு லைனிங்கை அந்த ஊர்க் கடைத்தெருவில் பிடித்திருக்கிறாள். கேமராவில் பெட்டியைக் காட்டினாள். நம் நாட்டிலிருந்து போன சரக்கு.

“பின்ன என்ன, போட்டுற வேண்டியதுதானே கண்ணு?”

“வண்டி மேல இரும்பு ஏறியிருக்குதுப்பா. நம்ம ஜீப்ப விட முக்கா டன்னு அதிகம். தாங்குமான்னு தெரியில. இங்க ஒர்க்‌ஷாப் இருக்கறது சமவெளி, ஓட்டிப் பாத்தா நல்லாத்தான் நிக்குது. ஆனா இந்த வண்டி போக வேண்டியது மலைக்கு.”

பிறகு அந்த மலைச் சாலையைப் பற்றிச் சொன்னாள். வண்டி போகிற அகலத்துக்கு மட்டும்தான் அங்கே வெடி எடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிவப்புச் சாயம் அடித்த கல்லை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் இன்னும் தோண்டவில்லை. நம் ஊரில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஓரத்து மேட்டில் கொண்டுபோய் முட்டலாம். அங்கே முட்டுவதற்கு ஓரம் கிடையாது.

“மொத தடவ யாரு போறது?” என்றேன்.

“ரிப்பேர் பண்ணவங்க உள்ள உக்காந்து போகோணும். அதுதான் ஒர்க்‌ஷாப் ரூல்.”

“யாரு போட்ட ரூல் அது?”

“நாந்தாம்ப்பா.”

மறுபடி சோதனை எல்லாம் முடித்து எட்டு நாளில் மலை ஏறுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு மழை அளவேட்டில் மழையே இல்லாத நாளுக்கு நான்கு சென்டிமீட்டர் எழுதினேன்.

யோசனை சொன்னது நான்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். டிரம்மும் ஒன்று, ஷூவும் ஒன்று. அதே லைனிங்கைச் சேலத்தில் வாங்கி எங்கள் ஜீப்பில் அடித்து, முக்கால் டன் பாரம் ஏற்றி, மலையிலிருந்து இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மகளிடம் சொன்னேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பட்டியல் போட ஆரம்பித்தாள். இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். நான்கு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி டிரம் சூட்டைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் எழுத வேண்டும். “நீங்க எழுதறதுல தப்பே வராதுப்பா” என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எந்த மலையிலிருந்தும் இறங்குவேன்.

என் மனைவிதான் வாசல் கூட்டிக்கொண்டே கேட்டாள். “ஏனுங்க, அவ அங்க வெடிக்கு நடுவுல நிக்கறா. நீங்க இங்க எதுக்குங்க பிரேக்குக்கு நடுவுல போயி நிக்கறீங்க?”

“அவளுக்காகத்தான்.”

“அவளுக்காகன்னா ஊட்டுல இருங்க. திரும்பி வந்தா அப்பன்னு கூப்பிட ஒரு ஆள் வேணுமில்ல.”

சேலத்தில் லைனிங் கிடைத்தது. அதே பெட்டி. ஷூவில் வைத்து ரிவிட் அடித்துக் கொடுத்தார்கள். டிரைவர் நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டினார். அடுத்தது முக்கால் டன். காப்பி மூட்டை முதலாளியுடையது, தொட முடியாது. கல் ஏற்றினால் சீட் கிழியும். டிரைவர் சொன்ன யோசனை, பழம் பறிக்கிற பெண்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிவிடலாம், அவர்களே ஏறிக்கொள்வார்கள், தூக்க வேண்டியதில்லை என்பது. அதில் ஒரு பெண்மணி, “பிரேக்கு புடிக்கலீன்னா நாங்க எட்டிக் குதிச்சுக்கறோம், நீங்க எழுதிக்கிட்டே போங்க சாமி” என்றார். கடைசியில் கொட்டகையில் மக்கிக் கிடந்த எருவைப் பதினான்கு மூட்டை கட்டினோம். காப்பி நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஈர எரு நல்ல கனம். ஜீப் பின்பக்கம் அமுங்கி, முன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கவச வண்டி தயார். வாசனையில் எந்த எதிரியும் கிட்டே வர மாட்டான்.

டிரம் சூட்டைப் பார்க்கக் கருவி வேண்டுமே. கொரோனா காலத்தில் ஆட்களின் நெற்றியில் பிடித்துப் பார்த்த காய்ச்சல் துப்பாக்கி ஆபீஸ் அலமாரியில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மலையிலிருந்து இறங்க இரண்டு ரோடு. அடிவாரம் ரோட்டில் எந்நேரமும் டூரிஸ்ட் வண்டி. ஆகவே குப்பனூர் ரோடு. காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். மலை இறக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொள்கிறவன். இருபத்திரண்டு வருடமாக இந்த மலையின் பாதி அழகை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அதை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் வளைவு: பிடித்தது. சத்தம் வழக்கம்போல். இரண்டாம் வளைவு: பிடித்தது. ஜீப் ஊளையிட்டுக்கொண்டு இறங்கியது. குரங்குகள் எழுந்து மரியாதையாக ஓரம் போயின.

நான்காம் வளைவில் நிறுத்தினோம். துப்பாக்கியை டிரம்மில் பிடித்தேன். மனிதக் காய்ச்சலுக்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. சிவப்பு விளக்கைப் போட்டுக் கீச்சிட்டது. நாலு சக்கரத்துக்கும் காய்ச்சல்.

“பாராசிட்டமால் குடுக்கலாமுங்களா?” என்றார் டிரைவர்.

சற்று ஆறவிட்டுக் கிளம்பினோம். ஐந்தாம் வளைவு: பிடித்தது. அதற்குப் பிறகு எல்லாம் மிக இதமாக இருந்தது. காற்றுச் சத்தம் கேட்டது, எங்கேயோ ஒரு குருவி கத்துவது கேட்டது. நான் நோட்டில் எழுதினேன்: ‘ஆறாம் வளைவு. சத்தமில்லை. சுகமான ஓட்டம். நல்ல லைனிங்.’ நல்ல என்பதன் கீழ் ஒரு கோடும் போட்டேன்.

அப்புறம் கருகிய வாசனை வந்தது. எருதான் என்று நினைத்தேன்.

“ஏனுங்க ரைட்டரே,” என்றார் டிரைவர், கடையில் வெற்றிலை இருக்கிறதா என்று கேட்கிற குரலில். “பெடலு கீழ போயிருச்சுங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். மரங்கள் எல்லாம் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. அவர் கியரைப் பிடித்துத் தள்ளினார். அது கறகறவென்று பல்லைக் கடித்ததே தவிர உள்ளே போகவில்லை. “ஹேண்ட் பிரேக்கு!” என்று கத்தினேன். அதன் கம்பியைப் போன வருடமே கழற்றித் தார்ப்பாய் கட்டினோம் என்று அவர் எனக்கு ஞாபகப்படுத்தினார். கட்டிய பில்லை எழுதியதும் நான்தான். அடுத்த வளைவுக்குக் கீழே ஒரு பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

அவர் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் திருப்பினார். ஜீப் மண் மேட்டில் உரசி, ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி, இன்னொரு தடவை மேட்டை முட்டி நின்றது. நின்றது ஜீப்தான். பதினான்கு மூட்டைகளும் நிற்கவில்லை. முன்னால் வந்தன.

எனக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. இருட்டாக இருந்தது, மூச்சு முட்டியது. சிவப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். காலை அசைக்கக் கூடாது, கையை ஊன்றக் கூடாது என்று அப்படியே கிடந்தேன். யாரோ மூட்டையைப் புரட்டினார்கள். பஸ் டிரைவர், கண்டக்டர், பயணிகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உசுரு இருக்குதுங்க. வாசந்தான் கொஞ்சம் முன்னப் பின்ன.”

டிரைவருக்கு உதடு கிழிந்திருந்தது. எனக்குக் கண்ணாடி போயிற்று, தோள்பட்டை வீங்கிற்று. அவ்வளவுதான். நோட்டு மட்டும் கையில் அப்படியே இருந்தது.

பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கடைசி சீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் உட்காரவில்லை. அப்போதுதான் கேட்டேன். “எப்படிங்க கியரு உள்ள போகாம இருந்துச்சு? ரெண்டாவதுலதானே வந்தோம்?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “நிறுத்திக் கெளம்புனமுங்களா. இஞ்சினும் பாவம், நொம்ப சூடாயிருக்குமேன்னு நியூட்ரல்ல உட்டனுங்க. கொஞ்சம் ரெஸ்ட்டு.”

“நியூட்ரலா? அவதான் ரெண்டாவது கியருன்னு அத்தன தடவ சொன்னாளே!”

“நெனச்சுப் பண்ணலீங்க. முப்பது வருசமா எறக்கம்னா நியூட்ரலு. கை தானா போயிருச்சுங்க.”

இந்த மலையில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். டீசல் மிச்சம். இறக்கத்தில் இன்ஜினை இழுக்க வைப்பது அவர்களுக்குப் பாவம் மாதிரி. ஆனால் நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்காது, பாரம் முழுக்கப் பிரேக் மேல்தான் விழும். எனக்கு எழுதுவதில் இருந்த கவனத்தில் பக்கத்தில் இருந்த கியர் கம்பி கண்ணில் படவில்லை. அத்தனை சுகமான ஓட்டத்துக்கு லைனிங்கைப் பாராட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னை உள்ளே விடவில்லை. வாசலிலேயே நிறுத்தித் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். ஏழாவது வாளியில்தான் பேசினாள். “அவ எப்ப போறாளாம்?”

“நாளைக்கு.”

அவள் வாளியைக் கீழே வைத்தாள். எனக்குள் அதுவரை சுற்றிக்கொண்டிருந்த யோசனை அப்போது உட்கார்ந்தது. லைனிங் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். அவள் போக மாட்டாள். நியூட்ரலைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. முழுப் பொய்கூட இல்லை. பிரேக் பிடிக்கவில்லைதானே?

டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு, “நீங்க சொன்னாச் சரிங்க. நான் ஓட்டறவன், நீங்கதான் எழுதறவரு” என்றார்.

ஐந்தரைக்குப் போன் வந்தது. “லைனிங் சரியில்ல கண்ணு. ஆறாவது வளைவு தாண்டி உட்டுருச்சு. நீ போகாத.”

அவள் முகம் மாறிவிட்டது. எனக்கு அடிபட்டதா என்று கேட்டாள், அவருக்கு அடிபட்டதா என்று கேட்டாள். இரண்டு பேரையும் கேமராவில் திருப்பிக் காட்டச் சொன்னாள். என் கண்ணாடி எங்கே என்று கேட்டாள். அப்புறம், “எந்த கியர்ல வந்தீங்க?”

“ரெண்டாவதுலதான்.”

டிரைவர் உத்தரத்தைப் பார்த்தார்.

“நோட்டக் காட்டுங்கப்பா.”

அதை எதிர்பார்க்கவில்லை. ஒளிக்கவும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எழுதியதைக் கேட்டவரிடம் காட்டாமல் இருந்ததில்லை. பக்கத்தைப் பிடித்தேன். அவள் வாய்க்குள் படித்துக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“‘சத்தமில்லை. சுகமான ஓட்டம்.’ இது நம்ம ஜீப்பாப்பா?”

நான் டிரைவரைப் பார்த்தேன்.

“ரெண்டாவது கியர்ல எறங்குனா அது கத்தற கத்துக்கு குப்பனூருல நாயி எந்திரிக்கும். சத்தமில்லன்னு எழுதி, கோடு வேற போட்டிருக்கீங்க.” ஒரு பெருமூச்சு. “நியூட்ரல்ல வந்தீங்களா?”

டிரைவர் குறுக்கே வந்தார். “அப்பாவத் திட்டாத சாமி. கை என்னுதுதான்.”

அவள் திட்டவில்லை. தலையைத் திருப்பி, அவளுடைய வண்டி நின்ற பக்கம் பார்த்தாள்.

“எங்க டிரைவரும் முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு” என்றாள். “இங்கயும் டீசல் கெடைக்கறதில்ல. இவங்களும் எறக்கம்னா நியூட்ரல்தான். நான் லைனிங்கப் பாத்தேன், எடையப் பாத்தேன், இதப் பாக்கவே இல்லப்பா. அவருக்கும் கை தானாத்தான் போகும்.”

“அப்ப போகாத சாமி.”

“நான் போகலீன்னா வெடி எடுக்கறவங்க தொறந்த டெம்போல போவாங்க. வண்டி இல்லேன்னு அவங்க வேலைய நிறுத்த மாட்டாங்க.”

இதற்கு மேல் நான் கெஞ்சியதை எழுதப்போவதில்லை. என் மனைவி போனைப் பிடுங்கி, “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஆபீஸில் மிளகு நிறுத்தேன். ஒரே மூட்டையை மூன்று தடவை நிறுத்தேன், மூன்று எடை வந்தது. டிரைவர் ஜீப்பை இழுத்து வரப் போகாமல் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் போகவில்லை என்று நானும் கேட்கவில்லை. மத்தியானம் போய் மூன்று மணி ஆயிற்று. மேஜைக்கு அடியில் தரையை மிதித்து மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று இருபதுக்கு ஒரு படம் வந்தது. ஒரு உள்ளங்கை. நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு வட்டமாகச் சிவந்து, தோல் உரிந்திருந்தது. ரத்தம் என்று நினைத்து எழுந்துவிட்டேன். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கியர் குமிழுங்க” என்றார்.

கீழே அவளுடைய குரல் செய்தி. அவள் சொன்னது இது: ஏறினோம், ஆட்களை விட்டோம், இறங்கினோம். இறக்கம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது கியரை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் கை நாலு தடவை வந்தது. நாலு தடவையும் என் கை மேல்தான் பட்டது. அவருக்கு ஒரே கோபம். லைனிங் நன்றாகப் பிடிக்கிறது.

டிரைவர் அதை இரண்டாவது தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பை இழுத்து வரப் போனார்.

ஜீப்புக்கு இப்போது ஒரு பால் வேனின் பம்பர். ஹேண்ட் பிரேக் கம்பி திரும்பி வந்துவிட்டது. தார்ப்பாயைக் கயிற்றால் கட்டியிருக்கிறோம். எனக்கு மட்டும் இன்னும் சரியாகவில்லை. பஸ்ஸில் போனால் கண்டக்டர் என் காலைப் பார்த்துவிட்டு, நீங்க மிதிக்கிறதுலதான் வண்டி நிக்குதுங்க என்கிறார். மகள் வேலை செய்கிற இடத்தில் அந்த வண்டி வாரம் இரண்டு தடவை மலை ஏறுகிறது. கியரைப் பிடிக்க ஆள் தேவைப்படாதபடி ஒரு கொக்கி பற்றவைத்துவிட்டாளாம். கொக்கி எதிலிருந்து எடுத்தது என்று நான் கேட்கவில்லை.

குப்பனூருக்கு ஜீப்பில் போக நேர்ந்தால் நான் கண்ணை மூடுவதில்லை. முதல் வளைவு வந்ததும் இரண்டு கையாலும் கியர் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

“கைய எடுங்க ரைட்டரே,” என்கிறார் டிரைவர். “எதிர்ல வர்றவன் பாத்தா நம்ம ரெண்டு பேரையும் என்னன்னு நெனைப்பான்?”

“நெனைக்கட்டும். நீங்க ரோட்டப் பாருங்க.”

ஜீப் ஊளையிடுகிறது. நான் கையை எடுப்பதில்லை.